வீரிய ஒட்டு விதை விவசாயி கையில் தங்க வேண்டும்

வீரிய ஒட்டு ரகங்களைப் பயிரிடும் விவசாயிகள் ஒவ்வோர் ஆண்டும் புது விதை வாங்கியே தீர வேண்டியிருக்கிறது. நெல், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, தக்காளி என எந்தப் பயிரானாலும் நிலை இதுதான். நன்கு விளைந்த வயலில் நல்ல கதிர்களாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தாலும், அடுத்த பருவத்தில் பயிர் முன்பு போல் வருவதில்லை. ஒரு செடி உயரமாக வளர்கிறது. பக்கத்துச் செடி குட்டையாக நிற்கிறது. ஒன்று முந்திப் பூக்கிறது; மற்றொன்று பிந்திப் பூக்கிறது. சில கதிர்களில் மணியைவிடப் பதரே அதிகம். விதையில் ஏதோ சூது செய்து விட்டார்கள் என்று கிராமங்களில் பேசிக் கொள்வது உண்டு. உண்மையில் சூது எதுவும் இல்லை. காரணம் பூவுக்குள் இருக்கிறது.

அந்தக் காரணத்தை நீக்கும் வழி இப்போது ஆராய்ச்சிக் கூடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. சொந்த விதையையே மீண்டும் மீண்டும் விதைத்தாலும் வீரியம் குறையாத ஒட்டு நெல் சோதனை அளவில் உருவாகி விட்டது. அது வயலுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அது யார் மூலம் வரும், எந்த நிபந்தனையுடன் வரும் என்பது விதை கடைக்கு வரும் நாளில் முடிவாகும் காரியம் அன்று. அதற்கு வெகு முன்பே முடிவாகி விடும். பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்கள் வழியாக, சேமித்து வைத்துக் கொள்ளும் உரிமையோடு அவ்விதை வர வேண்டும் என்று சிறு விவசாயிகள் இப்போதே கேட்பது அவசியம். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க, பூவுக்குள் நடப்பதைச் சற்றுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பூவுக்குள் நடப்பது

நெற்பூ காலை வேளையில் விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக் கொள்கிறது. ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பைகள் உள்ளன. பூ விரியும் நேரத்திலேயே பைகள் வெடித்து, மகரந்தத் தூள் அதே பூவின் சூல்முடியில் விழுகிறது. உதிர்ந்த மகரந்தம் சில நிமிடங்களிலேயே உயிர்ச்சக்தியை இழந்து விடும். அதற்குள் சூல்முடியில் விழுந்த தூள் முளைத்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய் ஒன்றை விடுகிறது. அக்குழாய் சூலை நோக்கி இறங்குகிறது. அதன் வழியே இரண்டு ஆண் செல்கள் செல்கின்றன.

இவற்றில் ஓர் ஆண் செல் முட்டை செல்லுடன் சேர்ந்து முளைக்கருவாகிறது. நாற்றங்காலில் முளைத்து வருவது இதுவே. மற்ற ஆண் செல், சூலின் நடுவே உள்ள மையச் செல்லுடன் சேர்ந்து முளைசூழ் தசையாகிறது. அரிசியாகச் சமைத்து உண்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். ஒரே பூவில் இவ்வாறு இரண்டு சேர்க்கைகள் நடப்பதை 1898ஆம் ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானி நவாஷின் லில்லி இனச் செடிகளில் கண்டறிந்தார். இரட்டைக் கருவுறுதல் என்று இதற்குப் பெயர்.

நெற்செடியின் ஒவ்வொரு செல்லிலும் 24 குரோமோசோம்கள் உள்ளன. குணங்களைத் தாங்கிச் செல்லும் மரபணுக்கள் இவற்றில்தான் அமைந்துள்ளன. 24இல் 12 தாயின் வழியாகவும், 12 தந்தையின் வழியாகவும் வந்தவை. மகரந்தமும் முட்டை செல்லும் உருவாகும்போது இந்த 24 பாதியாகி 12 ஆகிறது. இதற்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். இப்படிப் பாதியாகாவிட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் இரட்டிப்பாகிக் கொண்டே போகும்.

பாதியாகும் முன் இன்னொன்றும் நடக்கிறது. தாய் வழி வந்த குரோமோசோமும் தந்தை வழி வந்த குரோமோசோமும் ஒன்றையொன்று ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஏதேனும் ஒன்று மட்டும் பிரிந்து செல்கிறது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் பிரித்துப் போடுவது போன்ற செயல் இது. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 12 ஜோடிகளில் 4,096 விதமான சேர்க்கைகள் வரலாம். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை.

மறு ஆண்டு ஏன் பிரிகிறது?

பொன்னி போன்ற சாதாரண நெல் ரகத்தில் இந்தக் கலைத்தலால் கெடுதல் ஒன்றும் இல்லை. பல தலைமுறைகளாகத் தன் பூவிலேயே கருவுற்று வந்த ரகம் அது. அதில் தாய் வழிச் சீட்டும் தந்தை வழிச் சீட்டும் ஒன்றே. ஒரே மாதிரியான சீட்டுகளை எத்தனை முறை கலைத்தாலும் கட்டு மாறாது. ஆகவே சொந்த விதை அதே பயிரைத் தருகிறது.

வீரிய ஒட்டின் கதை வேறு. வெவ்வேறு குணமுள்ள இரண்டு பெற்றோரைக் கலந்து பெறும் முதல் தலைமுறை அது. இரு தரப்பு மரபணுக்களும் சேர்ந்து நிற்பதால்தான் தூரும், கதிரும், மணியும் கூடுகின்றன. வயலில் உள்ள எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி இருப்பதும் அதனால்தான். ஆனால் அந்தச் செடி பூத்தவுடன், இரண்டு வேறு கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தது போல் ஆகிறது. அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாகிறது. தன் பூவிலேயே கருவுறும்போது தலைமுறைதோறும் கலப்புத் தன்மை பாதி பாதியாகக் குறைகிறது. வீரியமும் அதனுடன் குறைகிறது.

ஆகவே வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைத்து விதைக்கக் கூடாது என்று விரிவாக்கப் பணியாளர்கள் சொல்வது கம்பெனிக்குச் சாதகமான பேச்சு அல்ல. பூவின் இயற்கை அது.

விதைச் செலவு எங்கிருந்து வருகிறது?

வீரிய ஒட்டு விதை ஏன் விலை அதிகம் என்பதற்கும் பூவிலேயே விடை இருக்கிறது. பருத்தியில் பூ பெரிது. மாலையில் மொட்டின் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி விட்டு, மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவலாம். இந்த முறையில்தான் 1970இல் குஜராத்தில் எச்.4 என்ற வீரிய ஒட்டுப் பருத்தி வெளியிடப்பட்டது. நெல்லில் இது இயலாது. ஒரு பூவுக்கு ஒரு மணிதான். பூவோ மிகச் சிறிது.

எனவே, மகரந்தம் உண்டாகாத ஆண் மலட்டுத் தாய் தேவைப்பட்டது. 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் மகரந்தம் மலடான ஒரு காட்டு நெற்செடி யுவான் லாங்பிங் குழுவினருக்குக் கிடைத்தது. அதிலிருந்து உருவான வீரிய ஒட்டு நெல் 1976 முதல் அந்நாட்டில் பரவலாகப் பயிரிடப்பட்டது. அந்த மலட்டுத் தன்மை செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவால் வருகிறது என்பதை 2013இல் சீன விஞ்ஞானிகள் விளக்கினர். மகரந்தத்திற்கு உணவூட்டும் திசு காலத்திற்கு முன்பே அழிந்து போகிறது. பால் இல்லாத பிள்ளை போல மகரந்தம் வற்றி விடுகிறது. தமிழ்நாட்டில் 1994இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட முதல் வீரிய ஒட்டு நெல்லான கோ.ஆர்.எச்.1, அதாவது எம்.ஜி.ஆர். ரகமும், ஆண் மலட்டுத் தாயைக் கொண்டு உருவானதே.

இந்த விதையை உற்பத்தி செய்யும் வயலில் ஆண் மலட்டு வரிசைகளும் மகரந்தம் தரும் வரிசைகளும் மாறி மாறி நடப்படுகின்றன. இரண்டும் ஒரே நாளில் பூக்கும்படி நாற்று விடும் தேதியைத் தள்ளிப் போட வேண்டும். பூக்கும் நாட்களில் காலையில் இருவர் கயிறு பிடித்துப் பயிரின் மேல் இழுத்து மகரந்தத்தைப் பரப்ப வேண்டும். கதிர் முழுவதும் வெளிவர வளர்ச்சி ஊக்கி தெளிக்க வேண்டும். இவ்வளவு செய்தும் விதை மகசூல் சாதாரண நெல்லைவிடக் குறைவு. இந்தச் செலவை ஆண்டுதோறும் சுமப்பவர் கடைசியில் விதை வாங்கும் விவசாயியே.

கரும்பு காட்டிய வழி

ஒட்டு வீரியத்தை ஆண்டுக்கணக்கில் கட்டிக் காக்கும் பயிர்களும் விவசாயிகளிடம் உள்ளன. கரும்பு அவற்றில் முதன்மையானது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்தார்கள். அதன் பயனாக 1918இல் கோ.205 வெளிவந்தது. அதுவும் ஒட்டு ரகம்தான். ஆனால் விவசாயி அதை விதையிலிருந்து வளர்க்கவில்லை. கரணை வெட்டி நட்டார். கரணை பூவின் வழியே வருவதில்லை. ஆகவே கலைத்தல் இல்லை. வீரியம் அப்படியே நின்றது. ஒரு விவசாயி அடுத்தவருக்குக் கரணை கொடுத்தார். அரசு நிலையத்தில் உருவான கோயம்புத்தூர்க் கரும்புகள் நாடு முழுவதும் பரவின. கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும் இதே போல் கரணை மூலம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

கரணை நடக்கூடிய பயிருக்கு இது சரி. நெல்லையும் கம்பையும் கரணை வைத்து நட முடியாது. விதையே கரணை போல் வேலை செய்தால்தான் வழி உண்டு. அப்படிப்பட்ட விதை இயற்கையிலேயே இருக்கிறது.

எலுமிச்சை விதையை முளைக்கப் போட்டால், ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் கிளம்புவதைத் தோட்டக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கருவுறுதலால் உண்டானவை அல்ல. முட்டை செல்லைச் சுற்றியுள்ள தாய்த் திசுவே முளையாக மாறி வந்தவை. ஆகவே அவை தாய் மரத்தின் நேர் நகல்கள். எலுமிச்சையை விதைக் கன்றாக நட்டாலும் தாயைப் போலவே காய்ப்பதற்கு இதுவே காரணம். மாவில் வெள்ளைக்கொலம்பன் போன்ற சில ரகங்கள் இத்தன்மை உடையவை. நீலமும் பங்கனபள்ளியும் அப்படி அல்ல. அவற்றின் கொட்டையை நட்டால் என்ன மரம் வரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டியே ஆக வேண்டும். தீவனப் பயிர்களில் கொழுக்கட்டைப் புல்லும் கினியாப் புல்லும் பெரும்பாலும் கருவுறாமலே முளைக்கருவை உண்டாக்குகின்றன.

1841இலேயே லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் ஜான் ஸ்மித் என்பவர் இதைக் குறித்து வைத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு செடி இனத்தில் பெண் செடிகள் மட்டுமே அங்கிருந்தன. ஆண் செடி ஒன்றுகூட இல்லை. இருந்தும் விதை பிடித்தது. அன்று அது ஒரு வியப்பு. இன்று அதுவே நெல்லுக்கு வழி காட்டியாக ஆகியிருக்கிறது.

நெல்லில் நடந்த ஆராய்ச்சி

இரண்டு காரியங்கள் கைகூட வேண்டியிருந்தது. ஒன்று, முட்டை செல் உருவாகும்போது சீட்டுக் கலைத்தலும் பாதியாதலும் நிற்க வேண்டும். இரண்டு, அந்த முட்டை செல் ஆண் செல்லுக்குக் காத்திராமல் தானே முளைக்கருவாக வேண்டும்.

முதற் காரியத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2009இல் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் செய்து காட்டினர். குன்றல் பகுப்பை நடத்தும் மரபணுக்களில் மூன்றை மட்டும் செயலிழக்கச் செய்தனர். துண்டு மாற்றமும் இல்லை; பாதியாதலும் இல்லை. 2016இல் நெல்லிலும் இது நடந்தது. இப்படிப்பட்ட நெல்லில் முட்டை செல்லில் 12க்குப் பதில் தாயின் 24 குரோமோசோம்களும் அப்படியே இருக்கும். மகரந்தத்திலும் 24 இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 48 ஆகி இனமே மாறிவிடும். ஆகவேதான் இரண்டாவது காரியம் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் இதற்கு விடை கண்டனர். பேபி பூம் என்று பெயரிடப்பட்ட ஒரு மரபணு, கருவுற்றவுடன் ஆண் செல் கொண்டு வந்த நகலிலிருந்து இயங்கத் தொடங்கி, முளைக்கரு வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று அறிந்தனர். அதே மரபணு முட்டை செல்லிலேயே இயங்கும்படி செய்தபோது, ஆண் செல் சேராமலே முளைக்கரு உண்டாயிற்று. இரண்டு காரியங்களையும் ஒரே நெற்செடியில் சேர்த்துத் தாயின் நகலான விதைகளைப் பெற்ற செய்தி 2018 டிசம்பரில் வெளியாகி, 2019 ஜனவரியில் அச்சாயிற்று. அப்போது அதிகபட்சம் 30 சதவீதத்தை ஒட்டியே நகல் விதைகள் கிடைத்தன. 2022 டிசம்பரில் பிரான்சு, அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு வணிக வீரிய ஒட்டு நெல்லில் 95 சதவீதத்திற்கு மேல் நகல் விதைகளைப் பெற்றதாகவும், மூன்று தலைமுறை வரை அது மாறாமல் நின்றதாகவும் தெரிவித்தனர்.

கம்பிலும் வழி திறந்திருக்கிறது. கம்பின் உறவுக் காட்டுப் புல் ஒன்று இயற்கையிலேயே கருவுறாமல் விதை தருவது. அதிலிருந்து எடுத்த மரபணுவைச் சாதாரணக் கம்பில் சேர்த்தபோது, கருவுறாமலே முளைக்கரு உண்டாவதை 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக் கழகத்தினர் காட்டினர். மானாவாரி நிலத்தில் கம்பு விதைக்கும் ஏழை விவசாயிக்கு இதன் பொருள் பெரிது.

ஒன்றை மறக்கலாகாது. இந்த நகல் விதையிலும் முளைசூழ் தசை உண்டாக மகரந்தம் தேவை. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் நெல்லில் மகரந்தம் கெட்டுப் பதர் பிடிப்பது இதிலும் நடக்கும். எல்லாக் குறைக்கும் மருந்து இது அன்று. விதைச் செலவு என்ற ஒரு குறைக்கு மட்டுமே மருந்து.

யார் கையில் வரும்?

விஞ்ஞானம் விதையை விவசாயிக்குக் கட்டுப்பட்டதாகவும் ஆக்கலாம். விவசாயியை விதைக்குக் கட்டுப்பட்டவராகவும் ஆக்கலாம். 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒரு முறை நேர் எதிரான வேலையைச் செய்ய நினைத்தது. விளைந்த விதை மறுபடி முளைக்காமல் முளைக்கருவையே அழிக்கும் முறை அது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய ரகங்களைப் பதிவு செய்யவே தடை விதித்தது. பூவின் அதே அறிவு, முளைக்காத விதையையும் செய்யும். என்றும் மாறாத விதையையும் செய்யும். எது வெளிவரும் என்பது பணம் போடுபவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

விதை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்திற்கு, ஒருமுறை விற்றால் மறுமுறை விற்க முடியாத விதையில் நாட்டம் இருப்பது கடினம். 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி, இங்கு பெரும்பாலும் வீரிய ஒட்டு வடிவிலேயே பரவியதை நினைவில் கொள்ள வேண்டும். நல்ல குணம் ஒன்றாக இருந்தாலும், ஆண்டுதோறும் வாங்க வேண்டிய விதைக்குள் அது வைக்கப்பட்டது. விதை விலையைக் கட்டுப்படுத்த 2015இல் மத்திய அரசு தனி ஆணையே பிறப்பிக்க நேர்ந்தது.

நகல் எடுக்கக் கூடிய பயிர் தனியார் உரிமையில் இருந்தால் வேறொரு தொல்லை வரும். உருளைக்கிழங்கு கிழங்கிலிருந்தே பெருகும் பயிர். சுலபமாக நகல் எடுக்கலாம். 2019இல் குஜராத்தில் தன் பதிவு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சொல்லி, விவசாயிகள் சிலர் மீது ஒரு பெரிய நிறுவனம் தலைக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு வழக்கு திரும்பப் பெறப்பட்டது. விதையில் பூட்டு இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பூட்டு தேடுவார்கள் என்பதற்கு இது ஒரு பாடம்.

2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு விவசாயிக்கு ஆதரவாகவே உள்ளது. பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் அதன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. நிறுவனத்தின் பெயர் முத்திரையிட்டு விற்பது மட்டுமே கூடாது. வீரிய ஒட்டு விதையில் இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வருகிறது. ஏனெனில் சேமித்தாலும் பயனில்லை. நகல் விதை வந்தால்தான் இந்த உரிமைக்கு வயலில் உயிர் வரும்.

தனியார் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஆண்டுதோறும் விற்பனை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரியானதே. அதனால்தான் இந்தப் பணி பொதுப் பணத்தில் நடைபெற வேண்டும். கோயம்புத்தூர்க் கரும்பு அப்படித்தான் வந்தது. கரணை விற்று அந்த நிலையம் செலவை ஈட்டவில்லை. விளைச்சல் பெருகியதில் நாடு ஈட்டியது. நமது நாட்டு மகரந்த, கரு ஆராய்ச்சி யாருக்கும் குறைந்ததல்ல. ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்து நேரடியாகச் செடியை வளர்க்கலாம் என்பதை 1964இல் உலகுக்குக் காட்டியவர்கள் தில்லி பல்கலைக் கழகத்தின் சிப்ரா குகாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஆவர்.

எச்சரிக்கை தேவை

நன்மையைச் சொல்லும்போது ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நகல் எங்கும் பரவினால் ஒரே நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். கரும்பே இதற்கும் சாட்சி. 2009இல் வெளியிடப்பட்ட கோ.0238 என்ற சிறந்த ரகம் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்திற்கு மேல் பிடித்தது. பின்னர் செவ்வழுகல் நோய்க்கு இலக்காகி, விவசாயிகள் அதைக் கைவிட நேர்ந்தது. ரகத்தில் குறை இல்லை. எல்லாரும் அதையே நட்டதுதான் குறை. நகல் நெல் வந்தால், வட்டாரத்திற்கும் பருவத்திற்கும் ஏற்றபடி பல ரகங்கள் சேர்ந்தே வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றவும் வேண்டும்.

அடுத்தது சோதனை. மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் திருத்தப் பயிர்கள் சிலவற்றிற்கு 2022இல் மத்திய அரசு விதிவிலக்கு அளித்துள்ளது. 2025 மே மாதம் இம்முறையில் உருவான இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. ஆனால் பேபி பூம் மரபணுவைப் புதிதாகச் சேர்ப்பது வேறு வகை. அதற்கு முழுச் சோதனை தேவை. வயலோரக் காட்டு நெல்லுக்கு அது பரவுமா, பல தலைமுறைக்குப் பிறகும் மாறாது நிற்குமா என்பவை வெளிப்படையாகச் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். பழைய ரகங்களைக் காத்து வருவோரின் அச்சத்தையும் ஒதுக்கலாகாது. அந்த ரகங்கள்தான் நாளைய ஒட்டுக்குப் பெற்றோர்.

இப்போது செய்ய வேண்டியது

நகல் விதை வரும் வரை கையிலுள்ள விதையைப் பூவின் இயல்பறிந்து கையாள வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் அறுவடையை விதைக்கு வைக்க வேண்டாம். புது விதை வாங்கும்போது ரசீதும் சான்று அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்.

சாதாரண நெல், உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவை தன் பூவிலேயே கருவுறுபவை. இவற்றில் சொந்த விதை எடுத்து வைப்பதே சிக்கனம். விதைக்கு ஒதுக்கிய நெல் வயலைச் சுற்றி அடுத்த ரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி போதும். பூக்கும் தருணத்திலும் அறுவடைக்கு முன்பும் கலவன் செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும். விதையை 13 சதவீத ஈரப்பதம் வரை உலர்த்திச் சேமிக்க வேண்டும். விதைக்கும் முன் முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் இட்டுப் பதரை நீக்கி, நல்ல நீரில் கழுவி விடலாம்.

கம்பில் சூல்முடி முந்தி வெளிவருகிறது. மகரந்தம் பிந்தி வருகிறது. ஆகவே அயல் மகரந்தமே முதலில் சேரும். கம்புக் கூட்டு ரகத்தில் விதை எடுப்பதானால் 200 மீட்டர் சுற்றளவில் வேறு கம்பு இருக்கக் கூடாது. தனி ஒருவரால் இது இயலாவிட்டால், ஊர் விவசாயிகள் பேசி ஒரே ரகத்தை ஒரு பக்கமாக விதைக்கலாம். துவரையிலும் தேனீக்களால் ஓரளவு கலப்பு நேரும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டிய உரிமை

விவசாயிகள் குறை தீர்க்கும் நாள் கூட்டங்களில் உரம், தண்ணீர், கொள்முதல் விலை பற்றிப் பேசுகிறார்கள். இனி விதை ஆராய்ச்சி பற்றியும் பேச வேண்டும். நகல் விதை ஆராய்ச்சியை வேளாண்மைப் பல்கலைக் கழகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தங்கள் பொறுப்பில் எடுத்து நடத்த வேண்டும். பல ரகங்களில் கொண்டு வர வேண்டும். சேமிக்கும், பகிரும் உரிமையை விதைப் பையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். இந்த மூன்றும் நியாயமான கோரிக்கைகள். இதற்கான நிதியை ஒதுக்கும்படி உழவர் சங்கங்கள் அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாம்.

விதை வாங்கக் கடன் வாங்கும் நிலை சிறு விவசாயிக்கு இயற்கை விதித்தது அன்று. பூவின் கலைத்தல் இயற்கை. அதைக் காரணம் காட்டி ஆண்டுதோறும் பணம் கேட்பது வியாபாரம். முன்னதை மாற்றும் வழியை விஞ்ஞானம் கண்டுவிட்டது. பின்னதை மாற்றும் பொறுப்பு அரசுக்கும் விவசாயிகளுக்கும் உரியது.